வெள்ளிக்கிழமை அழிந்த கோடு

நான் டொக்டர் என்பதை அம்மா எல்லோருக்கும் சொல்வார். மானிப்பாயில் பஸ்சுக்கு நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்றாவது வார்த்தையில் நான் வந்துவிடுவேன். ஆனால் "மகள் என்ன டொக்டர்?" என்ற அடுத்த கேள்வி வந்ததும் அம்மாவின் குரல் இறங்கிவிடும்.

"உள்வருத்தம் பாக்கிற டொக்டர்."

நான் புற்றுநோய் வைத்தியர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. பெரியப்பா அந்த நோயில் போனபோதுகூட "அந்த வருத்தம்" என்றுதான் சொன்னார்கள். பெயரைச் சொன்னால் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடும் என்று பயம். நான் இந்தத் துறையைத் தெரிவு செய்தபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிள்ளைப்பேறு பாக்கிற டொக்டராய் வரேலாதோ? சனம் சந்தோசமாய் வருமே." நியாயமான கேள்விதான்.

படித்து முடித்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது ஒருவருக்காக. அவர் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற ஓர் அம்மா. அவருக்கு நான் ஒரு பிழை செய்தேன். அந்தப் பிழையை அவர் என் முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்டிருந்தால், எங்கள் வீட்டில் இன்று ஓர் ஆள் குறைந்திருக்கலாம்.

புற்றுநோய் வைத்தியராவது லேசுப்பட்ட காரியம் இல்லை. உயர்தரப் பரீட்சையை நான் இரண்டாம் தரம் எடுத்துத்தான் மருத்துவபீடத்துக்குப் போனேன். முதல் தரம் காலை வாரியது பௌதிகவியல். இரண்டாம் தரம் தப்பிப் பிழைத்த கையோடு, இனிமேல் இந்தச் சனியன் என் வாழ்க்கையில் இல்லை என்று புத்தகங்களை ஒன்றுவிட்ட தங்கைக்குத் தூக்கிக் கொடுத்தேன். மருத்துவபீடம் முடிந்தது. ஒரு வருட உள்ளகப் பயிற்சி முடிந்தது. சிறிய ஆஸ்பத்திரி ஒன்றில் காய்ச்சலும் நாய்க்கடியும் பார்த்துக்கொண்டே மேற்படிப்புக்கான தெரிவுப் பரீட்சைக்குப் படித்தேன். அதுவும் சரிவந்து புற்றுநோய்த் துறைக்குள் காலடி வைத்த முதல் கிழமை, என் கையில் தந்தது என்ன தெரியுமா? கதிர்ப் பௌதிகம். எங்கள் துறையில் மருந்து மட்டும் தெரிந்தால் போதாது. கதிர் எந்தக் கோணத்தில் நுழையும், எவ்வளவு ஆழம் போகும், பக்கத்தில் உள்ள எதைச் சுடும் என்பதெல்லாம் எங்கள் தலையில்தான். விட்டகுறை தொட்டகுறை என்று சும்மாவா சொன்னார்கள்.

பயிற்சி தெற்கே. என் கையிலிருந்த சிங்களம் பஸ்சை நிறுத்தி இறங்குவதற்கு மட்டும் போதும். வாட்டில் இருந்த ஒரு நேர்ஸ் என் சிங்களத்தைக் கேட்டுச் சிரிப்பார், சிரித்தபடியே திருத்துவார். கட்டிலடிக்குப் போகமுதல் என்னைக் கதவோரம் நிறுத்தி, இதை இப்படிச் சொன்னால் அதட்டுவது மாதிரி இருக்கும், அப்படிச் சொல்லுங்கள் என்பார். அவர் சொல்லித்தந்த வசனத்தில்தான், உங்களுக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து முதன்முதலில் சொன்னேன். அந்த நேர்சை நினைத்தால் இன்றும் கை தானாகக் கும்பிடப் போகும்.

பரீட்சையில் அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. நோயாளியாக நடிக்க ஒருவரை இருத்தியிருந்தார்கள். நான் நாற்காலியை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, கொஞ்சம் பொறுத்து, நிதானமாகச் சொன்னேன். நல்ல புள்ளி கிடைத்தது. அந்தப் புள்ளியோடு எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் ஏறியது.

பயிற்சியின் பிந்திய கட்டத்தில் என்னை வடக்கே, எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தச் சொல் எனக்குச் சிங்களத்தில் வரும், ஆங்கிலத்தில் வரும், தமிழில் மட்டும் வாயைவிட்டு வராது.

வராமல் இருப்பதற்கு ஊரும் உதவி செய்தது. எங்கள் பக்கத்தில் நோயாளி வைத்தியரின் அறைக்குள் வருவதற்கு முன்னால் சொந்தக்காரர் ஒருவர் வந்துவிடுவார். நோயாளியை வெளியே வாங்கில் இருத்திவிட்டு, எதையோ மறந்தவர் போல உள்ளே எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளிக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பார். அப்படி ஒருநாள் வந்தது சண்டிலிப்பாய் அம்மாவின் மகள். மானிப்பாயில் ஒரு கடையில் சட்டை தைப்பவர். தாய்க்கு இடது மார்பில் கட்டி. சத்திரசிகிச்சையில் அதை முழுதாக எடுத்துவிட்டார்கள். இனி மூன்று கிழமை கதிர்ச் சிகிச்சை, பிறகு மாத்திரை. தப்புவதற்கு நல்ல வாய்ப்புள்ள நோயாளி.

"டொக்டர், அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தாங்கமாட்டா. வெறும் கட்டி எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம்."

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தாய் உள்ளே வந்தார். வெயிலில் காய்ந்த முகம், நெற்றி நிறையத் திருநீறு. நான் மேசையில் இருந்த அறிக்கையைப் பார்த்துக்கொண்டே கதைத்தேன்.

"கட்டியை எடுத்தாச்சு அம்மா. அந்த இடம் வடிவாய் ஆற மூண்டு கிழமை கரண்ட் பிடிக்கவேணும்."

கதிர்ச் சிகிச்சையை எங்கள் ஊரில் கரண்ட் பிடிப்பது என்றுதான் சொல்வார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேறை ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

"ஒண்டும் இல்லை."

சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டுவதற்கு, நெஞ்சிலும் விலாவிலும் மையால் கோடு கீறுவோம். ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டை வைத்துத்தான் ஆளைப் படுக்கவைத்து இயந்திரத்தை நேராக்குவது. சிகிச்சை முடியும்வரை கோடு அழியக்கூடாது. அழிந்தால் எங்களிடம் வர வேண்டும், நாங்கள் முதலில் எடுத்த ஸ்கேன் படத்தைப் பார்த்துத் திரும்ப அளந்து கீறுவோம். "தோயாதேங்கோ, தலையிலை தண்ணி வாக்காதேங்கோ, உடம்பைத் துடைச்சால் காணும்," என்று அவருக்குச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. ஏன் என்று சொல்லத் தொடங்கினால் அந்தச் சொல்லில் வந்துதான் நிற்க வேண்டும்.

முதல் கிழமை ஒரு குறையும் இல்லாமல் போனது. இரண்டாம் கிழமை, திங்கட்கிழமை காலை. இயந்திரத்தை இயக்குபவர் குருநகர்க்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், கடற்தொழில் செய்கிற குடும்பம். ஒவ்வொரு நோயாளிக்கும் இயந்திரத்தைப் போடமுதல் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார். அன்று நெற்றிக்குக் கொண்டுபோன கையை இறக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"டொக்டர், ஒருக்கா வாங்கோ. உந்தக் கோடு நாங்கள் கீறினதில்லை."

"எப்பிடித் தெரியும்?"

"எங்கடை கோடு உவ்வளவு வடிவாய் வராது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். மூலைகள் மட்டம் வைத்த மாதிரி, கோடு ஊசி போல நேர். நாங்கள் அவசரத்தில் கீறுகிற கோடு ஒருநாளும் அப்படி இருக்காது. படத்தை எடுத்து அளந்தேன். இரண்டு விரல் அகலம் உள்ளே, இருதயப் பக்கமாக விலகி இருந்தது. இந்த மனிதர் கவனிக்காமல் விட்டிருந்தால், மிச்ச நாள் முழுவதும் கதிர் விழ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, விழக்கூடாத இடத்தில் விழுந்திருக்கும். பயந்தால் எனக்கு அடுத்ததாக வருவது கோபம். வெளியே நின்ற மகளைக் கூப்பிட்டு, வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மகள் அழுதுவிட்டார். "வெள்ளிக்கிழமை அம்மா தோய்ஞ்சுபோட்டுக் கோயிலுக்குப் போட்டா டொக்டர். நான் கடையாலை வந்து பாத்தால் கோடு அரைவாசி இல்லை. நீங்கள் ஏசுவியள் எண்ட பயத்திலை, அளவு நாடா வைச்சு நான்தான் கீறினனான்."

வெள்ளிக்கிழமை தோயாமல் கோயில் வாசல் மிதிக்கிற வழக்கம் எங்கள் பெண்களுக்கு இல்லை. அது எனக்குத் தெரியாததா? நானும் அதே மண்ணில் அதே தண்ணீரில் வளர்ந்தவள்தானே. தோயாதேங்கோ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, அந்த அம்மா வெள்ளிக்கிழமை என்ன செய்வார் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. தாயிடம் திரும்பினேன்.

"நான் சொன்னனான்தானே அம்மா? பிறகு ஏன் தோய்ஞ்சனீங்கள்?"

அவர் எழுந்திருந்து போர்வையால் நெஞ்சை மூடிக்கொண்டார்.

"என்னிலை கோவிக்காதேங்கோ பிள்ளை. எனக்குக் கான்சர் எண்டு எனக்குத் தெரியும்."

மகளின் அழுகை நின்றுவிட்டது.

"வாசல் போட்டிலை புற்றுநோய்ப் பகுதி எண்டு பெரிசாய் எழுதிக் கிடக்குது. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதோ? நீங்கள் எல்லாரும் சேர்ந்து மறைக்கிறியள். மறைக்கிறியள் எண்டால் நான் தப்பமாட்டன் எண்டுதானே அர்த்தம்? சாகப்போறவளுக்குச் சும்மா மனசாறுதலுக்குக் கரண்ட் பிடிக்கினம் எண்டு நினைச்சன். அதுக்காக வெள்ளிக்கிழமையை விடுறதோ? இன்னும் எத்தினை வெள்ளி எனக்குக் கிடக்குதோ, ஆருக்குத் தெரியும்."

"பிறகு ஏன் மகளைக் கீற விட்டனீங்கள்?"

"உங்களைப் பாக்கப் பாவமாய்க் கிடந்தது. எங்கடை ஊர்ப் பிள்ளை, கோடு அழிஞ்சால் பெரியவை உங்களை ஏசுவினம் எண்டு நினைச்சன்."

தாய் தாங்கமாட்டார் என்று மகள் மறைத்தார். மகள் தாங்கமாட்டார் என்று தாய் மறைத்தார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன். அவர் உயிரோடு இருப்பதற்காகக் கீறிய கோட்டை, சாகப்போகிறேன் என்று நினைத்துக் கழுவியிருக்கிறார். அப்படி நினைக்க வைத்தது நான்தான். வாழ்க்கையில் அன்று பட்ட வெட்கம் மாதிரி ஒருநாளும் பட்டதில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்குக் கிட்ட இருந்தேன். பரீட்சையில் காட்டிய நிதானம் எங்கே போனதோ தெரியாது, அவசர அவசரமாகச் சொன்னேன்.

"ஓம் அம்மா. உங்களுக்கு வந்தது கான்சர்தான். நேரத்தோடை கண்டுபிடிச்சு, முழுசாய் எடுத்தாச்சு. அது திரும்பி வராமல் இருக்கத்தான் இந்தக் கரண்ட். மனசாறுதலுக்கில்லை. அது சரியான இடத்திலை விழுறதுக்குத்தான் இந்தக் கோடு."

"தப்புவனோ?"

"தப்ப நல்ல வாய்ப்பிருக்கு. சத்தியம் பண்ண என்னாலை ஏலாது. ஆனால் பொய் சொல்லேல்லை."

அவர் மகளைப் பார்த்தார். "கேட்டியோ? உதை முதலே சொல்லியிருந்தால் நான் ஏன் தோயுறன்?"

குருநகர்க்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிச் சிரித்தார். படத்தைப் பார்த்து நாங்கள் திரும்ப அளந்தோம். அவர் கீறினார், வழக்கம் போலக் கொஞ்சம் கோணலாக. அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, மகளின் கோடுதான் வடிவு என்றார். மிச்ச வெள்ளிக்கிழமைகளில் அவர் தோயவில்லை. கோயிலுக்குள் போகாமல் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

நடந்ததை எனக்கு மேலே இருந்த வைத்திய நிபுணரிடம் போய் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள் என்றார். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கதைக்க வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன். "நானாய்ப் போய்ச் சொல்லமாட்டன். அவை கேட்டால் பொய்யும் சொல்லமாட்டன்." சிலர் கோபித்தார்கள். ஒரு குடும்பம் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்கே போய்விட்டது. என்ன செய்வது?

பிறகு ஒரு வருடம் வெளிநாட்டில் பயின்று, வைத்திய நிபுணராகி, யாழ்ப்பாணத்தில் அதே ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு நான் அப்போதும் உள்வருத்தம் பார்க்கிற டொக்டர்தான். அதில் மட்டும் பதவி உயர்வு இல்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவும் நானும் மருதனார்மடச் சந்தைக்குப் போனோம். கத்தரிக்காய்க் குவியல் ஒன்றுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்.

"டொக்டர் பிள்ளை!"

சண்டிலிப்பாய் அம்மா. முகம் இன்னும் கறுத்திருந்தது, திருநீறு அதே அளவு. சிகிச்சை முடிந்து ஆறு வருடம். எழுந்து நின்று, பக்கத்துக் கடை, எதிர்க் கடை எல்லாவற்றுக்கும் கேட்கச் சொன்னார்.

"இவதான் எனக்குக் கான்சரை மாத்திச் சுகமாக்கின டொக்டர்!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அத்தனை வருடமும் பொத்திப் பொத்தி வைத்த சொல், மருதனார்மடச் சந்தைக்கு நடுவில் பட்டப்பகலில் உடைபட்டுவிட்டது. அந்த அம்மாவுக்கு அதெல்லாம் கவலையில்லை.

"நீங்கள் டொக்டரின்ரை அம்மாவோ? எனக்கு இதிலைதான் வந்தது," என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார். "குளிக்கேக்கை கையிலை தட்டுப்பட்டது. நாலு மாசம் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. விசரி! இன்னும் பிந்தியிருந்தால் இண்டைக்குக் கத்தரிக்காய் விக்க நான் இல்லை."

பை நிறையக் கத்தரிக்காயை அள்ளிப் போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். திரும்பி வரும்போது ஓட்டோவில் அம்மா வாயே திறக்கவில்லை. நான் டொக்டர் என்பதை ஓட்டோக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, குசினியில் கத்தரிக்காயைக் கடகத்தில் கொட்டினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, அந்த மனிசிக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"எனக்கு வலது."

தைப்பொங்கலுக்கு முதலே தெரிந்திருக்கிறது. அப்போது ஆனி மாதம். அந்த ஆறு மாதமும் நான் அதே குசினியில் நின்று தேத்தண்ணீர் குடித்துவிட்டு, ஊராரின் கட்டிகளைப் பார்க்க ஓடியிருக்கிறேன். விளக்கடியில்தான் இருட்டு. நான் கத்தினேன், அழுதேன், ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"உன்ரை வாயாலை அந்தச் சொல்லைக் கேக்கப் பயமாய்க் கிடந்தது," என்றார் அம்மா. "அந்த மனிசி சொல்லேக்கை அவ்வளவு பயமாய் இருக்கேல்லை. சிரிச்சுக்கொண்டெல்லோ சொன்னவ."

சொந்தத் தாய்க்கு நான் வைத்தியம் பார்ப்பது முறையில்லை. என்னோடு வேலை செய்யும் வைத்தியர் பார்த்தார். ஆறு மாதம் பிந்தியும் கட்டி சின்னதாகவே இருந்தது எங்கள் நல்ல காலம். கனடாவில் இருக்கும் அண்ணைக்கு அன்றே போன் எடுத்துச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை. அவ தாங்கமாட்டா," என்றார்.

"அண்ணை," என்றேன், "அவதான் எனக்குச் சொன்னவ."

சத்திரசிகிச்சை முடிந்து கரண்ட் பிடிக்கத் தொடங்கியபோது, அம்மாவுக்குக் கோடு கீறியது அதே குருநகர்க்காரர்தான். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "உதென்ன தம்பி, உப்பிடிக் கோணலாய்க் கிடக்குது?" என்று கேட்டார்.

"அப்பத்தான் அம்மா எங்கடை கோடு எண்டு எங்களுக்குத் தெரியும்," என்றார் அவர்.

முதல் வெள்ளிக்கிழமை நான் வீட்டில் நின்றேன். அடுப்பில் கத்தரிக்காய்க் கறி. அம்மா முற்றத்தில் உலர்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தார். தோய்ந்த தலையை விரித்துவிட்டு, பூத்தட்டோடு கோயிலுக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்டார்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ? தோயேல்லையோ? கோயிலுக்கு வரேல்லையோ?"

தடிமன் காய்ச்சல் என்று சொல்வார், இல்லாவிட்டால் முழங்கால் நோ என்று சொல்வார் என்று நினைத்தேன். கறியை இறக்கி வைத்துவிட்டு யன்னலடியில் நின்றேன்.

"தோயக்கூடாது," என்றார் அம்மா. "எனக்குக் கான்சர். கரண்ட் பிடிக்கிறன். கோடு அழியக்கூடாது எண்டு மகள் சொன்னவ."

அம்மா ஒரு துணியை உதறித் தோளில் போட்டார்.

"அவவுக்குத் தெரியும்தானே. அவ கான்சர் டொக்டர்."

அம்மா அதைக் குரலை இறக்காமல் சொன்னார்.